எல்லையை இரண்டு பக்கமும் நின்று அளக்கக் காசு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நாடுகளின் ராணுவச் செலவு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர் என்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. ஆனால் அந்த எண்ணை உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்தவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அது நின்றுபோனால் அடுத்த ஆண்டு இந்தச் செய்தியை எதை வைத்துப் போடுவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கு அது. நூற்றைம்பது ஆண்டுகள் போரில்லாமல் இருந்ததை நினைவுகூர்வதற்காக ஸ்வீடன் 1966-இல் அதை ஏற்படுத்தியது. தூண் எழுப்பவில்லை, சிலை வைக்கவில்லை, ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அதேபோல 2024-இல் அரசுகள் சம்பந்தப்பட்ட ஆயுத மோதல்கள் 61, 1946-க்குப் பிறகு இதுதான் அதிகம் என்று படிக்கிறோமே, அது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் செய்திகளையும் அறிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, எந்த இடம், யாருக்கும் யாருக்கும் சண்டை, எத்தனை பேர் இறந்தார்கள் என்று பதிந்து பதிந்து சேர்த்த கணக்கு. ஓர் ஆண்டில் 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் ஒரு மோதல் அந்தப் பட்டியலில் ஏறும். அந்த 25 என்ற கோடு எனக்கு உறுத்தும், 24 பேரைப் பறிகொடுத்த இடத்தில் போய் அதைச் சொல்ல முடியுமா? ஆனாலும் எங்காவது ஒரு கோடு போடாமல் எண்ணவும் முடியாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பகையில் இருக்கும் நாடுகளின், பகையில் இருக்கும் சமூகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற அமைதி ஆய்வுக்கு நிதி கொடுக்க வேண்டும், நீண்ட காலத்துக்குக் கொடுக்க வேண்டும், அவர்களுக்குள் உறவு கெடுகிற நேரத்தில் கட்டாயம் நிறுத்தக் கூடாது. இப்போது நடப்பது நேர்மாறு, உறவு கெட்டதும் முதல் வெட்டு விழுவதே இதில்தான்.

ஏன் சேர்ந்து செய்ய வேண்டும், தனித்தனியாகச் செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்று ஒருவர் இருந்தார். வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று முதலில் முயன்றுபார்த்த ஆங்கிலேயர். போரே கூடாது என்கிற குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அதனால் துப்பாக்கி தூக்க மறுத்து முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். 1940-இல் கல்லூரி முதல்வர் வேலையை விட்டு விலகி, மீதி வாழ்நாளைப் போர்களை எண்ணுவதிலேயே கழித்தார். நீளமான எல்லை உள்ள நாடுகள் அதிகமாகச் சண்டை போடுகின்றனவா என்று பார்க்க ஆசைப்பட்டு நாடுகளின் எல்லை நீளங்களைத் திரட்டினால், ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவில் இருக்கிற ஒரே எல்லைக்கு ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர், இன்னொரு கணக்கில் 1,214 கிலோமீட்டர்! யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் நெளிவிலும் புகுந்து வரும், நீளம் கூடும். பெரியதாக இருந்தால் தாவிப் போய்விடும். கணிதத்தில் இது பிறகு பெரிய விஷயமாக வளர்ந்தது. எனக்கு இதில் தெரிவது வேறு. ஒரே கோட்டை இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் இரண்டு நீளம் வரும், சேர்ந்து நின்று எந்தக் கோலால் அளப்பது என்று முதலில் பேசினால்தான் ஒரு நீளம் வரும். எல்லைக்கே இந்தக் கதி என்றால், யார் முதலில் சுட்டார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பதற்கெல்லாம் என்ன கதி? ரிச்சர்ட்சன் 1953-இல் இறந்தார், போர்கள் பற்றிய அவருடைய இரண்டு பெரிய நூல்களும் முறையாக அச்சாகி வெளிவந்தது 1960-இல்தான்.

இதை நான் நூலகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகள் ஒரு கூட்டு ஆய்வில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கி மொழிபெயர்க்கும் வேலை செய்தேன். எந்தத் திட்டம், யார் நடத்தினார்கள் என்று எழுத மாட்டேன், அதில் பேசியவர்களுக்கு அது நல்லதில்லை. போரில் உறவுகளைத் தொலைத்த குடும்பங்களிடம் எடுத்த நேர்காணல்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத ஆறு மணி நேரம் ஆகும், அழுகை இருந்தால் இன்னும் கூடும். இரண்டு தரப்பு ஆய்வாளர்களும் ஒரே அட்டவணையை நிரப்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு. அந்த அட்டவணையில் ஒரு பத்தி, அந்த மனிதர் இப்போது என்ன நிலை என்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் 'காணாமல்போனவர்' என்று எழுதினார். இன்னொருவர் அடித்துவிட்டு 'காணாமலாக்கப்பட்டவர்' என்று எழுதினார். தானாகத் தொலைவதும் ஒருவர் கொண்டுபோய்த் தொலைப்பதும் ஒன்றா என்று அவருக்குக் கோபம். எதிர்த் தரப்பு ஆய்வாளர் அவர்களுடைய அரசு ஆவணத்தைப் பார்த்து 'இறந்தவர்' என்று போட்டிருந்தார். ஒரே மனிதர், ஒரே பிறந்த தேதி, மூன்று சொல்.

இரண்டு நாள் இதையே பேசினோம். கத்தினோம் என்றும் சொல்லலாம். கடைசியில் எதிர்த் தரப்புப் பெண் ஆய்வாளர்தான் ஒரு வழி சொன்னார், ஒரு பத்தியை மூன்றாகப் பிரிப்போம், குடும்பம் என்ன சொல்கிறது, அரசு ஆவணம் என்ன சொல்கிறது, கடைசியாக நேரில் பார்த்தவர் யார், எங்கே, எப்போது. அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த அட்டவணையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவரே தன்னுடைய நாட்டு ஆவணத்தில் ஒரே நாளில் ஒரே கையெழுத்தில் பல பேர் 'இறந்தவர்' ஆகியிருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டினார். நான் காட்டியிருந்தால் அது குற்றச்சாட்டு, அவர் காட்டியதால் அது ஆய்வு முடிவு. கூட்டு ஆய்வுக்கு ஆகிற விமானச் செலவையும் விடுதிச் செலவையும் பார்த்து வீண் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தத் திட்டம் பாதியில் நின்றது. நிதி கொடுத்த நாட்டில் ஆட்சியின் முன்னுரிமைகள் மாறின, நாலு வரி மின்னஞ்சல் வந்தது. கடைசியாக நான் எழுதிக்கொண்டிருந்த பதிவில் ஓர் அம்மா, தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், "இதுக்கு முன்னாடி வந்தவங்களும் இப்படித்தான் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க, நீங்களாவது திரும்பி வருவீங்களா?" என்று கேட்கிறார். எங்கள் ஆள் "கண்டிப்பா வருவோம்மா" என்கிறார். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் நான் அந்த இடத்தை நாலைந்து முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன். அந்த "வருவோம்மா" இன்னும் காதிலேயே இருக்கிறது.

எங்களுக்கு மட்டும் இப்படி நடந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தபோது, 2021 மார்ச்சில் அந்நாட்டின் ஆராய்ச்சி நிதி அமைப்பு, ஏற்கெனவே கையெழுத்தான திட்டங்களுக்கே 12 கோடி பவுண்டு பற்றாக்குறை என்று அறிவித்தது. ஏழை நாடுகளில் உள்ள கூட்டாளிகள் ஆட்களை வேலைக்கு எடுத்து, கிராமங்களில் வாக்குக் கொடுத்து, பாதி வேலை முடித்த பிறகு வந்த அறிவிப்பு அது. அமெரிக்காவில் 1984-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு உருவாக்கிய அமைதி நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் 2025 மார்ச்சில் வேலையை இழந்தார்கள், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நிறுவனத்தின் ஓராண்டுச் செலவு சுமார் ஐந்தரைக் கோடி டாலர். ஒரே ஒரு எஃப்-35 போர் விமானத்தின் விலை எட்டுக் கோடி டாலருக்கு மேல். சிக்கனம் என்று யார் சொன்னாலும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உறவு மோசமான நேரத்தில் சேர்ந்து வேலை செய்ய முடியாது என்பார்கள். முடிந்திருக்கிறது. 1986-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டுச் சோதனையை நிறுத்துவது பற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். சோவியத் தரப்பு தானாக நிறுத்தி வைத்திருந்தது. அவர்கள் நிலத்துக்கடியில் ரகசியமாக வெடித்தால் நமக்கு எப்படித் தெரியும், சரிபார்க்க வழியில்லையே என்றது அமெரிக்க அரசு. அப்போது அரசு சாராத ஓர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பும் சோவியத் அறிவியல் கழகமும் நேரடியாக ஒப்பந்தம் போட்டன. தனியார் நன்கொடையில் பணம் திரட்டினார்கள். மே மாதம் கையெழுத்து, ஜூலை மாதம் அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர்கள் கஜகஸ்தானில், செமிபலாத்தின்ஸ்க் சோதனைத் தளத்தின் சுற்றுவட்டாரத்தில் கருவிகளை இறக்கி வேலையைத் தொடங்கிவிட்டார்கள்! அதுவரை வெளிநாட்டவர் எட்டிப் பார்க்க முடியாத பகுதி. இரண்டே மாதம். அரசுகள் வருடக்கணக்காக முடியாது என்று சொன்னதை, நிலம் அதிர்ந்தால் ஊசி அசையும் என்ற எளிய விஷயத்தை நம்பியவர்கள் செய்து காட்டினார்கள். சோதனைகளை முழுமையாகத் தடை செய்யும் ஒப்பந்தம் 1996-இல் வந்தது. அது முறைப்படி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, அது தனி வேதனை. ஆனால் அதற்காகத் திட்டமிட்ட கண்காணிப்பு வலையில் உலகம் முழுக்க 337 நிலையங்களும் ஆய்வகங்களும் உண்டு. 2006-க்கும் 2017-க்கும் நடுவில் வட கொரியா ஆறு முறை வெடித்தபோதும் உலகத்துக்கு உடனே தெரிந்தது.

அதற்கு முன்னால் பக்வாஷ் மாநாடு. 1957-இல் பனிப்போரின் உச்சத்தில் இரு முகாம்களையும் சேர்ந்த 22 விஞ்ஞானிகள் அணு ஆயுத ஆபத்தைப் பற்றிப் பேச, கனடாவில் பக்வாஷ் என்ற ஒரு சிறு மீன்பிடி கிராமத்தில் கூடினார்கள். முதலில் இந்தியாவில் நடப்பதாக இருந்தது, சூயஸ் நெருக்கடியால் கைகூடவில்லை. பயணச் செலவையும் தங்கும் செலவையும் சைரஸ் ஈட்டன் என்ற தொழிலதிபர் ஏற்றுக்கொண்டார். அப்படித் தொடங்கிய பேச்சுதான் 1963 சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கும் அதற்குப் பிறகு வந்த சில ஒப்பந்தங்களுக்கும் தரை தயார் செய்தது என்று 1995-இல் அந்த அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசு கொடுக்கும்போது ஒப்புக்கொண்டார்கள். முதல் கூட்டத்துக்கும் பரிசுக்கும் நடுவில் 38 ஆண்டுகள்.

இந்த ஆண்டுக் கணக்குதான் நிதி கொடுப்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை. மூன்று ஆண்டுக்கு கிராண்ட், அதாவது ஆய்வு நிதி, கொடுப்பார்கள். முதல் ஆண்டு ஆய்வு நெறி அனுமதிக்கும் விசாவுக்கும் ஆள் எடுப்பதற்கும் போகும். மூன்றாம் ஆண்டு அறிக்கை எழுதுவதிலும் அடுத்த கிராண்டுக்கு விண்ணப்பம் போடுவதிலும் போகும். நடுவில் ஓர் ஆண்டுதான் வேலை. அன்றைய மேற்கு ஜெர்மனியும் போலந்தும் தங்கள் பாடநூல்களைச் சரிபார்க்க வரலாற்றாசிரியர்களின் கூட்டு ஆணையத்தை 1972-இல் ஏற்படுத்தின. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் பொது வரலாற்றுப் பாடநூலின் முதல் பாகம் 2016-இல் வந்தது, நான்கு பாகமும் முடிந்தது 2020-இல். ஹிட்லரின் படைகள் போலந்தில் செய்ததை நினைத்தால் 48 ஆண்டு அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாராவது 1975-இல் "மூன்று ஆண்டு முடிந்தது, விளைவு எங்கே" என்று கேட்டு இழுத்து மூடியிருந்தால்?

இன்னொரு பாடநூலையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஆன், பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வான் இருவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு நிறுவனம், இரு தரப்பு ஆசிரியர்களையும் கூட்டி உருவாக்கியது. இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனர் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நாட்கள், சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்து கூட வேண்டும். அவர்களால் ஒரே வரலாறு எழுத முடியவில்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்தார்கள், ஒரு பக்கம் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறுபக்கம் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு, நடுவில் வெற்றிடம். மாணவர் படித்துவிட்டுத் தான் நினைப்பதை அதில் எழுத வேண்டும். அரசுகள் அதைப் பாடத்திட்டத்தில் ஏற்கவில்லை, பின்னால் நடந்தவை நமக்குத் தெரியும். ஆய்வு போரை நிறுத்திவிடும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் என்றைக்காவது அங்கே சேர்ந்து உட்கார முடிகிற நாள் வந்தால் வெறும் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அந்த நடுப் பத்தி இருக்கிறது.

யார் காசு என்பதும் முக்கியம். 1964-இல் அமெரிக்க ராணுவம் 'கேமலாட்' என்ற பெயரில் சமூக அறிவியல் ஆய்வு ஒன்றைத் தொடங்கியது, எந்த நாட்டில் கிளர்ச்சி வெடிக்கும், அரசு என்ன செய்தால் அடங்கும் என்று கண்டுபிடிக்க. சிலியில் அதைப் பேசப் போனவர் ராணுவத்தின் பணம் என்பதை மறைத்தார். அப்போது அங்கே இருந்த நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் அழைப்பை மறுத்து விஷயத்தை வெளியே கொண்டுவந்தார், பெரிய கொந்தளிப்பாகி 1965 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சந்தேகம் பல காலம் நல்ல ஆய்வாளர்களையும் துரத்தியது. "யார் அனுப்பினாங்க?" என்பதுதான் களத்தில் எங்களிடமும் கேட்கப்படும் முதல் கேள்வி. பதில் சொல்லக் கூசுகிற பணமாக இருக்கக் கூடாது.

ஆகவே பணம் ஒரு நாட்டு வெளியுறவுத் துறையின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. பல நாடுகள் போட்டு, ஆய்வாளர்களே தேர்வு செய்கிற பொது நிதியாக இருக்கட்டும். குறைந்தது பத்து ஆண்டு. பாதிப் பணமாவது மோதல் நடந்த இடத்தில் இருக்கிற நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போகட்டும். இப்போது பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகம் கணக்கை வைத்துக்கொள்கிறது, அங்கே உள்ள சிறிய நிறுவனம் முதலில் கையிலிருந்து செலவு செய்து ரசீது அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறது. களத்தில் உயிரைப் பணயம் வைத்துத் தகவல் சேகரித்தவர் கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்கிறார், சில சமயம் அதுவும் இல்லை. கிழக்கு காங்கோவின் புக்காவு நகர ஆய்வாளர்கள் இந்த அநியாயத்தைத் தொடராகவே எழுதினார்கள். ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் வர வேண்டும், வேண்டாம் என்று அவரே சொன்னால் ஒழிய.

அப்புறம், தோல்வியையும் பதிப்பிக்க வேண்டும். நார்வே இலங்கையில் செய்த சமரச முயற்சி எப்படி முடிந்தது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே நார்வே தன் பணத்தில் வெளி ஆய்வாளர்களை வைத்து அந்த முயற்சியை மதிப்பிடச் சொல்லி 2011-இல் அறிக்கையை வெளியிட்டது. அதில் உள்ள எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, ஆனால் தன்னைத் தானே கேள்வி கேட்க ஓர் அரசு பணம் கொடுத்தது என்பதை மதிக்கிறேன். கொலம்பியாவில் 2016 அமைதி ஒப்பந்தத்தின் 578 வாக்குறுதிகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து எது முடிந்தது, எது தொடங்கவே இல்லை என்று சொல்லும் வேலையை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக மையத்திடம் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். இனி போடுகிற ஒவ்வொரு அமைதி ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு பிரிவும் அதற்கான பணமும் சேர்ந்தே வர வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ராணுவச் செலவுச் செய்தி போடும்போது, அந்தந்த நாடு அமைதி ஆய்வுக்கு என்ன ஒதுக்கியது என்பதையும் கேட்டுப் பக்கத்திலேயே போடுங்கள். பதில் வரவில்லை என்றால் பதில் வரவில்லை என்று போடுங்கள்.

எங்கள் திட்டத்தில் மொத்தம் 41 பதிவுகள். 22 வரை எழுத்தாக்கினேன், மழைச் சத்தம் கேட்கிற அந்தப் பதிவு 22-வது. மீதியைப் பட்டியலோடு ஒப்படைத்துவிட்டு வந்தேன். பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது, அதில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். யாராவது நிதி கொடுத்து மறுபடி தொடங்கினால் 23-லிருந்து தொடங்க வேண்டும், நான் வரத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்